மன்னிப்பு என்ற சொல்லே இல்லாத ஒரு மன்னிப்புக் கடிதம்

பவுல் எழுதிய கடிதங்களில் ஆகச் சின்னது பிலேமோனுக்கு எழுதியது. அதிகாரப் பிரிவே கிடையாது. மொத்தம் 25 வசனம், கிரேக்க மூலத்தில் 335 சொல். டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். மன்னிப்பு, ஒப்புரவு பற்றிய பிரசங்கங்களில் இந்தக் கடிதம் அடிக்கடி வந்துபோகும். அங்கே சொல்லப்படுகிற கதை ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஒநேசிமு என்று ஓர் அடிமை. எஜமான் பிலேமோன் வீட்டில் திருடிவிட்டு ஓடிப்போகிறான். போன இடத்தில், காவலில் இருக்கும் பவுலைச் சந்திக்கிறான். செய்த தப்பை உணர்ந்து மனந்திரும்புகிறான். பவுல் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, "போய் மன்னிப்பு கேள்" என்று திருப்பி அனுப்புகிறார். எஜமான் மன்னிக்கிறார். சுபம்.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு கடிதத்தைத் திறந்து பாருங்கள். ஒநேசிமு ஓடிப்போனான் என்று எங்கேயும் இல்லை. சிறிது காலம் உன்னிடமிருந்து பிரிக்கப்பட்டான் என்று மட்டும் இருக்கிறது. திருடினான் என்று இல்லை. ஏதாவது அநியாயம் செய்திருந்தால், ஏதாவது கடன்பட்டிருந்தால் என்று ஒரு 'இருந்தால்' மட்டும் இருக்கிறது. அவன் அழுததாக இல்லை. மனந்திரும்பியதாக ஒரு சொல் இல்லை. பிலேமோன் என்ன பதில் எழுதினான் என்பதும் இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆச்சரியம்: 'மன்னித்துவிடு' என்று பவுல் ஓர் இடத்தில்கூடக் கேட்கவில்லை. 'ஒப்புரவாகு' என்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு சொல்லும் அவருக்குத் தெரியாதவை இல்லையே. மற்ற கடிதங்களில் தாராளமாகப் பயன்படுத்துகிறவர்தான்.

அப்படியென்றால் இந்தக் கடிதம் என்னதான் கேட்கிறது? யாரிடம் கேட்கிறது? இந்த இரண்டு கேள்வியையும் கொஞ்சம் நிதானமாகப் பிடித்துக்கொண்டு போனால், சபைகளிலும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் மன்னிப்பு என்ற பெயரில் நாம் வழக்கமாகச் செய்கிற காரியம் இந்தக் கடிதத்துக்கு நேர் எதிர்த்திசையில் போகிறது என்பது தெரியும் என்று நினைக்கிறேன்.

பிளினியும் ஒரு கடிதம் எழுதினார்

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வசதி ஒன்று இருக்கிறது. பவுலுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இளைய பிளினி என்ற ரோமப் பிரபு சபினியானுஸ் என்ற நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய கடிதத் தொகுப்பின் 9-ஆம் பகுதியில் இருக்கிறது. விஷயம் கிட்டத்தட்ட இதேதான். சபினியானுஸின் முன்னாள் அடிமை ஒருவன், விடுதலை பெற்றவன், ஏதோ தப்பு செய்து எஜமானின் கோபத்துக்கு ஆளாகிவிட்டான். ஓடிவந்து பிளினியின் காலில் விழுகிறான். பிளினி அவனுக்காகப் பரிந்து பேசுகிறார்.

எப்படிப் பேசுகிறார்? அவன் ரொம்ப அழுதான், கெஞ்சினான், உண்மையிலேயே திருந்திவிட்டான் என்று நம்புகிறேன் என்கிறார். சின்னப் பையன், அவன் வயசைப் பாருங்கள், கண்ணீரைப் பாருங்கள் என்கிறார். நீங்களே இளகிய மனசுக்காரர், கோபம் உங்களைத்தான் வதைக்கும் என்கிறார். கூடவே, நானும் அவனைச் செமத்தியாகத் திட்டிவிட்டேன், இனிமேல் உனக்காகக் கேட்கமாட்டேன் என்று மிரட்டியும் வைத்திருக்கிறேன் என்கிறார். பலனும் கிடைத்தது. சபினியானுஸ் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லி பிளினி எழுதிய இன்னொரு கடிதமும் அதே தொகுப்பில் இருக்கிறது.

அருமையான கடிதம்தான். மனிதாபிமானம் உள்ள கடிதம். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கீழே இருப்பவன் அழ வேண்டும். நடுவில் இருப்பவர் அவனைத் திட்ட வேண்டும். மேலே இருப்பவர் இரக்கப்பட வேண்டும். கடிதம் முடியும்போது மூவரும் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள். மேலே இருப்பவருக்கு நல்லவர் என்ற பெயரும் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

நம் பிரசங்கங்களில் சொல்லப்படும் ஒநேசிமு கதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கண்ணீர், உணர்த்துதல், பெருந்தன்மை. அது பவுலின் கடிதமே இல்லை. பிளினியின் கடிதம்.

என் கணக்கில் எழுது

பவுல் கண்ணீரைப் பற்றிப் பேசாமல் கணக்கைப் பற்றிப் பேசுகிறார். 17 முதல் 19 வரையுள்ள வசனங்களில் வரிசையாக வருவது கொடுக்கல் வாங்கல் மொழி. நீ என்னைப் பங்காளியாக எண்ணினால், என்னை வரவேற்பதுபோல இவனை வரவேற்றுக்கொள். இவன் உனக்கு ஏதாவது தர வேண்டியிருந்தால் அதை என் பெயரில் பற்று எழுது. நானே திருப்பித் தருகிறேன். இதை என் கையாலேயே எழுதுகிறேன். அவர் பயன்படுத்தும் 'திருப்பித் தருகிறேன்' என்ற கிரேக்கச் சொல் நஷ்டஈடு பற்றிய சட்ட வழக்கில் புழங்கியது. சுருக்கமாகச் சொன்னால், இது ஒரு கைச்சாத்து. புரோநோட்டு என்றே சொல்லலாம்.

இந்த இடத்தில்தான் கடிதத்தின் உயிர் இருக்கிறது என்பது என் வாசிப்பு. உடைந்த உறவில் ஒரு நஷ்டம் இருக்கிறது என்பதை பவுல் மறைக்கவில்லை. "போனது போகட்டும், விட்டுடு" என்று சொல்லவில்லை. இழப்பு இருந்தால் அது யார் தலையிலாவது விழத்தான் செய்யும். அது ஒநேசிமுவின் தலையில் விழக்கூடாது என்பதற்காகத் தன் தலையை நீட்டுகிறார்.

நம் ஊரில் சமாதானம் பண்ணிவைக்க வருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். போதகரோ, மூப்பரோ, சித்தப்பாவோ, பெரிய மாமாவோ. பொதுவாக வெறுங்கையோடுதான் வருவார்கள். கையில் இரண்டு வசனம் இருக்கும். அதைப் பாதிக்கப்பட்டவரிடம் வாசித்துவிட்டு, "நீ மன்னிச்சாத்தான் தேவன் உன்னை மன்னிப்பார்" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். ஏற்பட்ட இழப்பில் ஒரு ரூபாயாவது, ஒரு நாள் உழைப்பாவது, தன் மதிப்பில் கொஞ்சமாவது இவர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. மத்தியஸ்தம் என்பது செலவில்லாத வேலை என்றாகிவிட்டது. பவுலோ காவலில் இருந்துகொண்டு, கையில் பெரிதாக எதுவும் இருந்திருக்க முடியாத நிலையில், கடன் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'உள்ளம்' என்று தமிழில் வரும் ஒரு சொல் இந்தச் சின்னக் கடிதத்தில் மூன்று தடவை வருகிறது. கிரேக்கத்தில் அதன் நேர்ப்பொருள் குடல், உள்ளுறுப்புகள். காவலில் இருந்தபோது ஒநேசிமுவைப் பெற்றெடுத்ததாகச் சொல்லும் பவுல், அதே மூச்சில் அவனைத் தன் குடல் என்கிறார். 'பெற்ற வயிறு' என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவனுக்கு ஏதாவது ஆனால் என் வயிறு எரியும் என்கிற பேச்சு இது. அவனை மிரட்டி வைத்திருக்கிறேன் என்று பிளினி எழுதுகிற இடத்தில், பவுல் எழுதுவது இதைத்தான்.

நடுவில் 'நீ', ஓரங்களில் 'நீங்கள்'

இது தனிப்பட்ட கடிதம் என்றுதான் பெரும்பாலும் சொல்லுவார்கள். பாதிதான் உண்மை. தொடக்கத்தில் பிலேமோனோடு அப்பியாள், அர்க்கிப்பு, அந்த வீட்டில் கூடும் சபை என்று எல்லோரையும் அழைத்துத்தான் கடிதம் ஆரம்பிக்கிறது. ஆரம்பத்திலும் முடிவிலும் பன்மை: 'நீங்கள்'. நடுவில், கோரிக்கை வரும் இடத்தில் மட்டும் ஒருமை: 'நீ'. அதாவது ஊர் கேட்டுக்கொண்டிருக்க ஒருவரிடம் பேசுகிற பேச்சு.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, உன் நன்மை உன் மனசிலிருந்து வரட்டும் என்று 14-ஆம் வசனத்தில் சொல்கிறார். சபைக்கு முன்னால் வாசிக்கப்படும் கடிதத்தில் இதைச் சொல்வதே ஒரு கட்டாயம்தான். போதாக்குறைக்கு, நீ உன்னையே எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்பதை நான் சொல்லத் தேவையில்லை என்று சொல்லியே காட்டுகிறார். கடைசியில், எனக்கும் தங்க ஓர் இடம் தயார் பண்ணிவை, வருகிறேன் என்கிறார். அன்பான வார்த்தைதான். ஆனால் அர்த்தம் என்ன? வந்து பார்ப்பேன் என்பதுதான்.

இதைச் சாமர்த்தியமான நெருக்கடி என்று விமர்சிப்பவர்கள் உண்டு. அன்பின் பெயரால் செய்யப்படும் நெருக்கடி நெருக்கடிதானே என்பது நியாயமான கேள்வி. என் பதில் இது: நெருக்கடி இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அது யார்மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீடு, சொத்து, சட்டம், சபையில் மதிப்பு எல்லாம் பிலேமோன் பக்கம் இருக்கின்றன. ரோமச் சட்டப்படி அடிமையை அடிக்கலாம், சூடு போடலாம், விற்கலாம். தப்பி ஓடினால் பிடித்து உரியவரிடம் சேர்க்கும்படி எழுதப்பட்ட இரும்புக் கழுத்துப் பட்டைகள் பிற்கால ரோமிலிருந்து இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அப்படிப்பட்ட தராசில், பவுல் தன் முழுக் கனத்தையும் லேசான தட்டில் வைக்கிறார். கோரிக்கை, நினைவூட்டல், சபையின் கண், நேரில் வருவேன் என்ற அறிவிப்பு எல்லாம் பலம் உள்ளவனை நோக்கியே திரும்பியிருக்கின்றன. பலம் இல்லாதவனை நோக்கி இந்தக் கடிதத்தில் ஒரு கட்டளைகூட இல்லை.

கடிதத்தின் குறை

இவ்வளவு சொல்லியாகிவிட்டது. குறையையும் சொல்ல வேண்டும்.

முதல் குறை, ஒநேசிமு பேசவே இல்லை. திரும்பிப் போக அவனுக்குச் சம்மதமா? பயமாக இருந்ததா? பிரச்சனையை அவன் எப்படிச் சொல்லியிருப்பான்? ஒன்றும் தெரியாது. பேத்தர் லாம்பே என்ற ஆய்வாளர் 1985-இல் ஒரு வாசிப்பை முன்வைத்தார்: எஜமானோடு தகராறு வரும்போது அடிமை எஜமானின் நண்பர் ஒருவரிடம் போய்ப் பரிந்து பேசச் சொல்வது உண்டு; ரோமச் சட்ட அறிஞர்கள் அதை ஓடிப்போனதாகக் கருதவில்லை; ஒநேசிமு பவுலைத் தேடி வந்தது அப்படித்தான். இது சரி என்றால், ஒநேசிமு தற்செயலாக மாட்டிக்கொண்ட திருடன் இல்லை. நியாயம் கேட்டு நடந்தவன். ஆனால் அந்த நியாயம் என்ன என்பதை பவுல் எழுதவில்லை.

இரண்டாவது, பெயர் விளையாட்டு. ஒநேசிமு என்றால் கிரேக்கத்தில் 'பயனுள்ளவன்'. அடிமைகளுக்குச் சாதாரணமாக வைக்கப்பட்ட பெயர். முன்பு பயனற்றவன், இப்போது உனக்கும் எனக்கும் பயனுள்ளவன் என்று பவுல் அதை வைத்து விளையாடுகிறார். தமிழில் அந்தச் சிலேடை காணாமல் போய்விடுகிறது. அதனால் நமக்கு அந்த உறுத்தலும் தெரிவதில்லை. ஒரு மனிதனைப் பயன்பாட்டால் அளக்கும் பெயரை உடைப்பதற்குப் பதிலாக, அதையே மெருகு போட்டுக் கொடுக்கிறார்.

மூன்றாவதுதான் பெரிய குறை. அவனை விடுதலை செய் என்று பவுல் நேரடியாக எழுதவில்லை. 16-ஆம் வசனத்தில், இனி அடிமையாக அல்ல, அடிமைக்கு மேலாக, அன்பான சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். விடுதலை செய் என்று அர்த்தமா? அடிமையாகவே வைத்துக்கொண்டு சகோதரா என்று கூப்பிடு என்று அர்த்தமா? ஆலன் ட்வைட் காலஹன் போன்றவர்கள் ஒநேசிமு அடிமையே இல்லை, பிலேமோனின் சொந்தச் சகோதரனாகவே இருக்கலாம் என்றுகூட வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதம் பெரும்பாலானோரை ஏற்க வைக்கவில்லை. என்றாலும் அப்படி ஒரு வாதத்துக்கு இடம் இருக்கிறதே, அதுவே அந்த வசனத்தின் வழவழப்பைக் காட்டுகிறது. நீ நான் சொல்வதற்கும் மேலாகச் செய்வாய் என்று தெரியும் என்று 21-ஆம் வசனத்தில் குறிப்பாகச் சொல்லி விட்டுவிடுகிறார். அந்த 'மேலாக' என்ன என்பதை எழுதியிருந்தால் ஒரே ஒரு வரி கூடியிருக்கும்.

அந்த ஒரு வரி இல்லாததன் விலை

4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் யோவான் கிறிசோஸ்தோம் இந்தக் கடிதத்துக்கு விளக்கவுரை செய்தபோது, ஓடிப்போன திருட்டு அடிமை என்ற கதை கெட்டியாகிவிட்டது. அடிமைகளை எஜமான்களிடமிருந்து பிரிக்கக்கூடாது என்ற பாடத்தையும் அவர் இதிலிருந்து எடுத்தார். பிறகு லூத்தர், பிலேமோனுக்கு முன் பவுல் ஒநேசிமுவுக்காகப் பரிந்து பேசுவதுபோல கிறிஸ்து நமக்காகப் பிதாவிடம் பரிந்து பேசுகிறார், நாம் எல்லோருமே ஒநேசிமுக்கள்தான் என்று விளக்கினார். அழகான விளக்கம். ஆனால் அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. எல்லோரும் ஒநேசிமு என்றால் பிலேமோன் யார்? அந்த நாற்காலியில் கடவுளை உட்காரவைத்தாகிவிட்டது. கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அந்த மனிதன் நைசாக எழுந்து அடிமையின் பக்கம் வந்து நின்றுகொள்கிறான்.

1706-இல் பாஸ்டன் நகரில் காட்டன் மாத்தர் என்ற புகழ்பெற்ற போதகருக்கு அவருடைய சபையார் ஓர் ஆப்பிரிக்க அடிமையைப் பரிசாகக் கொடுத்தார்கள். மாத்தர் அவருக்கு வைத்த பெயர் ஒநேசிமு. (1721-இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது மாத்தர் அம்மைப்பால் குத்தும் முறைக்காக வாதாடினார். அந்த முறையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் இந்த ஒநேசிமுதான். பெயருக்கேற்ற 'பயன்'!) 1850-இல் அமெரிக்காவில் தப்பியோடும் அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, மோசஸ் ஸ்டுவர்ட் போன்ற வேத அறிஞர்கள் பவுலே திருப்பி அனுப்பினாரே என்று இந்தக் கடிதத்தைக் காட்டினார்கள்.

இந்தக் கடிதத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் நிறைய. ஆனால் மிகச் சிறந்த விமர்சனம் ஒரு நூலில் வரவில்லை என்பேன். 1830-களில் ஜார்ஜியாவில் சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் என்ற போதகர் அடிமைகளின் பெரிய கூட்டம் ஒன்றில் பிலேமோன் கடிதத்தை எடுத்துப் பிரசங்கித்தார். இவரும் அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளி. கீழ்ப்படிதல் கிறிஸ்தவக் குணம், ஓடிப்போவது தப்பு, பவுலே சொல்லியிருக்கிறார் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் சிலர், இப்படி ஒரு கடிதம் பைபிளில் கிடையவே கிடையாது என்று அடித்துச் சொன்னார்கள். சிலர், நீங்கள் எஜமான்களைத் திருப்திப்படுத்தப் பிரசங்கம் பண்ணுகிறீர்கள் என்றார்கள். இதையெல்லாம் ஜோன்ஸே தன் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார்.

அவர்கள் சொன்னது சரி. ஜோன்ஸ் பிரசங்கித்த கடிதம் பைபிளில் இல்லை. பைபிளில் இருப்பது எஜமானுக்கு எழுதிய கடிதம். அவர் வாசித்துக் காட்டியதோ அடிமைக்கு எழுதிய கடிதம். உறையின்மேல் இருந்த விலாசத்தை மாற்றிவிட்டார், அவ்வளவுதான்.

விலாசம் மாறிய கடிதங்கள்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். சபையில், குடும்பத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசப்படும்போது அந்தப் பேச்சு எந்த விலாசத்துக்குப் போகிறது? அடிக்கிற கணவனிடமா, அடி வாங்குகிற மனைவியிடமா? சொத்தை எழுதி வாங்கிக்கொண்ட அண்ணனிடமா, வாடகை வீட்டில் இருக்கும் தங்கச்சியிடமா? பெரும்பாலும் யாரிடம் பேசினால் சீக்கிரம் வேலை முடியுமோ அவரிடம்தான். "மன்னிச்சு விட்டுடும்மா, நீதான் பெரிய மனசு பண்ணணும்" என்பதைக் கேட்காத கிறிஸ்தவ வீடு அபூர்வம்.

இதற்குத் துணையாக எப்போதும் எடுக்கப்படுவது மத்தேயு 18: எத்தனை தடவை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்கிற இடம். ஆனால் அதே அதிகாரத்தில், அந்தக் கேள்விக்குச் சில வசனங்களுக்கு முன்னால் ஒரு நடைமுறை சொல்லப்பட்டிருக்கிறது. தப்பு செய்தவனிடம் முதலில் தனியாகப் போய் அவன் குற்றத்தைச் சொல். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிப் போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். அதாவது தப்பின் பெயரைச் சொல்வது முதல்படி. நாம் அந்தப் படிகளையெல்லாம் தாண்டிக் குதித்து நேராகப் பேதுருவிடம் போய்விடுகிறோம்.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் பலிபீடத்துக்கு முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்லும் இடத்தையும் பாருங்கள். யார் எழுந்து போக வேண்டும்? தன்மேல் இன்னொருவருக்குக் குறை இருக்கிறது என்று நினைவுக்கு வருகிறவன். பாதிக்கப்பட்டவரை அங்கே யாரும் எழுப்பி நடக்கச் சொல்லவில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் 1950-ஆம் ஆண்டு நற்கருணை வழிபாட்டு முறையில், கைக்குள் கை வைத்துச் 'சமாதானம்' சொல்லிக் கடத்தும் சடங்கு சேர்க்கப்பட்டது. நல்ல சடங்கு. ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரரின் கையை இரண்டு விநாடி பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றாகும்போது, காணிக்கையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கச் சொன்ன அந்தக் கடினமான கட்டளை சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

நாடு என்ற அளவில் இதே பிரச்சனை தென்னாப்பிரிக்காவில் வந்தது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996-இல் விசாரணைகளைத் தொடங்கியது. உண்மையை முழுதாகச் சொன்னால், செய்தது அரசியல் நோக்கம் கொண்ட குற்றம் என்றால், பொதுமன்னிப்பு உண்டு. குற்றத்தின் பெயரை ஊரறியச் சொல்லவைத்தது பெரிய சாதனை. அந்த முதல்படியை அது தாண்டிக் குதிக்கவில்லை. இடறியது கணக்கில். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வருடம் தொடர்ந்து தொகை வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. அரசு 2003-இல் ஒரே தடவையாகத் தலா 30,000 ராண்ட் என்று முடித்துக்கொண்டது. பொதுமன்னிப்பு சட்டப்படி உடனே செல்லுபடியானது. ஈடு தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. 'என் கணக்கில் எழுது' என்று சொல்ல முன்வந்தவர்கள் போதவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கணக்கு பார்த்துத்தான் மன்னிக்க வேண்டும் என்றால் அது மன்னிப்பா, வியாபாரமா? நியாயமான கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். மன்னிப்பு பாதிக்கப்பட்டவருடையது. அவர் எப்போது வேண்டுமானாலும், நிபந்தனையே இல்லாமலும் கொடுக்கலாம். ஒப்புரவு இருவருடையது. அதற்கு உண்மை வேண்டும், ஈடு வேண்டும், இனி இது நடக்காது என்ற உறுதி வேண்டும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவர் கிரஹாம் ஸ்டெய்ன்ஸையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களைத் தான் மன்னிப்பதாக கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் சொன்னார். வழக்கு தன் பாதையில் நடந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அவருடைய மன்னிப்பு சட்டத்தை நிறுத்தவில்லை. சட்டம் அவருடைய மன்னிப்பைப் பொய்யாக்கவும் இல்லை. இன்னொன்று: அவர் கொடுத்தது கொடை. கொடையைக் கேட்டு வாங்கக்கூடாது. மற்ற விதவைகளிடம் போய், அவரைப் பார், நீயும் மன்னி என்று சொல்ல ஆரம்பித்த கணத்தில் அது வரியாகிவிடும்.

ஒப்புரவு என்ற சொல்

கடைசியாக ஒரு தமிழ்ச் சொல்லைப் பார்க்கலாம். பகைத்தவர்கள் மறுபடி சேர்வதற்குத் தமிழ் வேதாகமம் கையாளும் சொல் 'ஒப்புரவு'. மத்தேயு 5-இல் வருவது அதுதான். கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்தை ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். ஆனால் இந்தச் சொல் கிறிஸ்தவத்துக்கு முந்தியே தமிழில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' 22-ஆம் அதிகாரம். தீவினையச்சத்துக்கும் ஈகைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே வரும் உருவகங்கள் ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகிற மரம். அதாவது உள்ளவன் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை. பொறுத்துக்கொள்வது, தீங்கு செய்தவனைத் தாங்குவது பற்றிப் பேச வள்ளுவர் வேறோர் அதிகாரம் வைத்திருக்கிறார்: 16-ஆவது, பொறையுடைமை. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

மொழிபெயர்த்தவர்கள் இதை யோசித்துத்தான் அந்தச் சொல்லை எடுத்தார்களா என்பது இங்கே முக்கியமில்லை. சொல் நமக்கு வாய்த்திருக்கிறது. பொறை தாங்குகிறவருடையது. ஒப்புரவு உள்ளவருடைய கடமை. சபைகளில் ஒப்புரவு என்ற பெயரில் பொறையைத்தான் விநியோகம் பண்ணிக்கொண்டிருக்கிறோம், அதுவும் ஏற்கனவே தாங்கிக்கொண்டிருப்பவர்களிடம்.

பிலேமோன் கடிதம் குறையுள்ள கடிதம். எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக ஒநேசிமு என்ற பெயரைச் சுமந்தவர்களும் சுமக்காதவர்களும் நிறைய விலை கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒப்புரவு பண்ணிவைக்கப் போகிறவர் கிளம்புவதற்கு முன் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று கேள்வி அதில் இருக்கிறது. யாருடைய வீட்டுக்கு முதலில் போகிறேன்? இந்த இழப்பில் எவ்வளவை என் கணக்கில் எழுதப்போகிறேன்? சேர்த்துவைத்த பிறகு, என்ன ஆயிற்று என்று பார்க்கத் திரும்ப வருவேனா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் வீட்டிலேயே இருப்பது நல்லது. அந்தத் தங்கச்சிக்கு ஏற்கனவே பாரம் போதும்.